எங்கள் கோச்சை நிறுத்தினார்கள்

ஏழு வருடங்கள் எங்கள் கொலிஜின் பெண்கள் சொஃப்ட்போல் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்த ஒரு பெண்ணை ஒற்றைப் பக்கக் கடிதத்தில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கடிதத்தை ரைப் அடித்தவள் நான். ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்று அதில் ஒரு வரி இருந்தது. பங்களிப்பாம். கோயில் திருவிழாவுக்கு ஒரு பை அரிசி கொடுத்தவருக்குச் சொல்லுகிற சொல் அது. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அணியை உண்டாக்கியவருக்குச் சொல்லுகிற சொல்லா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மல்வேர்னில் அண்ணையின் குடும்பத்தோடு இருந்துகொண்டு, இரண்டு பஸ் மாறி அந்தக் கொலிஜுக்கு வேலைக்குப் போவேன். விளையாட்டுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கடிதம் அடிப்பது, தொலைபேசி எடுப்பது, சாவிகளைக் கொடுத்து வாங்குவது. விளையாட்டுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் பெயர் இருந்ததுதான். அதிலும் எந்நாளும் கரையில் உட்கார்ந்திருப்பேன்.

கோச் முதன்முதலாக என் மேசைக்கு வந்தது மைதானச் சாவிக்காக. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் காய்ந்து தடித்த முகம், ஆண்களுடையதைப் போன்ற பெரிய கைகள். நான் எழுதி வைத்திருந்த சாவிப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உன் எழுத்து தெளிவாக இருக்கிறது. எங்கள் ஆட்டங்களுக்கு வந்து ஸ்கோர் எழுதுவாயா?” என்று கேட்டார்.

“எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது.”

“நல்லது. தெரிந்தவர்கள் தாங்கள் நினைத்ததை எழுதுவார்கள். நீ நடந்ததை எழுது.”

அப்படித்தான் நான் அந்த அணிக்குள் போனேன். பேஸ்போல் மாதிரியான விளையாட்டுத்தான் சொஃப்ட்போல். பந்து கொஞ்சம் பெரிது. தோளுக்கு மேலால் எறிய முடியாது. கையை ஒரு சுற்றுச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து எறிய வேண்டும். ஒரு மாதத்தில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. அதைவிட வேகமாகப் பிடிபட்டது, அந்தப் பெண்ணை அந்த அலுவலகம் எப்படி நடத்துகிறது என்பது.

அவருக்கு அது பகுதிநேர வேலை. காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூட மஞ்சள் பஸ் ஓட்டுவார். பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வந்துவிடுவார். ஆண்களின் பேஸ்போல் அணிக்குக் கொலிஜுக்குப் பின்னால் நல்ல மைதானம் இருந்தது. மின்விளக்கு, தண்ணீர்க் குழாய், உட்காரக் கூரை போட்ட வாங்கு, எல்லாமே. பெண்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பொதுப் பூங்கா. நாய் கூட்டிவருகிற ஆட்களும் வாத்துகளும் பாவித்து மிச்சம் விட்ட இடம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் கோச் வாரியைக் கையிலெடுத்துக் கல்லும் வாத்தெச்சமும் ஒதுக்குவார். ஒரு நாளும் மாணவிகளை அதைச் செய்யச் சொன்னதில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் எல்லாரும் ஆளுக்கொரு வாரியோடு நிற்பார்கள்.

அவர் வந்த முதல் வருடம் அணியில் ஒன்பது பேர்தானாம். களத்தில் நிற்க ஒன்பது பேர் வேண்டும். ஒருத்திக்குக் கால் பிரண்டால் அன்றைய ஆட்டம் போச்சு. அந்தப் பருவம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. இதையெல்லாம் நான் பழைய ஃபைல்களில் வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் ஆள் பிடிக்கத் தொடங்கினார். பட்மின்ரன் விளையாடிக்கொண்டிருந்த ஒருத்தியை அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துக் கூட்டிவந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் மூன்று மேசை தாண்டி அப்பிள் கோதைக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தவளை அந்த இடத்திலேயே மறித்துப் பெயர் எழுதினார். இலையுதிர் காலத்தில் நடக்கிற போட்டி என்பதால் கடைசி ஆட்டங்களில் மழை நிச்சயம். அதற்காக ஒரு வாளித் தண்ணீரில் பந்துகளை ஊறப் போட்டு, வழுக்குகிற பந்திலேயே பயிற்சி கொடுத்தார். ஐந்தாவது வருடம் மாகாணக் கிண்ணம் வந்தது. மழையில்தான் வென்றார்கள். மற்ற அணியின் கையிலிருந்து பந்து மீன் மாதிரி நழுவியதை நான் என் கண்ணால் பார்த்து எழுதினேன்.

எங்கள் ஆட்களில் ஒருத்தி அந்த அணிக்கு வந்தது அடுத்த வருடம். கோச் தன்னுடைய மஞ்சள் பஸ்ஸிலிருந்து ஒரு நாள் காலையில் பார்த்தாராம், நகர பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் அதன் பின்னால் ஓடி, அடுத்த தரிப்பிடத்தில் அதைப் பிடித்து ஏறியதை. இரண்டு கிழமை கழித்து அதே பெண்ணைக் கொலிஜ் நடையில் கண்டார். “நீதானே பஸ்ஸை வென்றவள்?” என்று கேட்டிருக்கிறார். மல்வேர்னில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த குடும்பத்துப் பிள்ளை அது.

பிள்ளை விளையாட வந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்குத் தெரியாது. நூலகத்தில் படிப்பதாகச் சொல்லியிருந்தாள். மாகாணப் போட்டிக்கு வேறு ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்றதும் விஷயம் வெளிக்கிட்டது. தகப்பன் மறுத்துவிட்டார். கோச் என்னைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்கே போனார்.

தகப்பன் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். அன்று ஓய்வு நாள். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து, கோச்சுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். தாய் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை குசினி வாசலில் நின்றாள்.

“பொம்பிளைப் பிள்ளையை ரெண்டு இரவு வேற ஊரில விட்டிட்டு நான் இஞ்ச நித்திரை கொள்ளுறதோ?” என்று தொடங்கினார் தகப்பன். “உவவுக்கு எங்கட பிள்ளையளைப் பற்றி என்ன தெரியும்? உவையின்ர பிள்ளையள் பதினெட்டு வயசில வீட்டை விட்டுப் போகுங்கள். எங்களுக்கு அப்பிடி ஏலாது. உதை அவவுக்கு வடிவாச் சொல்லும் பிள்ளை.”

நான் ஆங்கிலத்தில், “தங்குகிற ஏற்பாடுகளைப் பற்றிக் கேட்கிறார்” என்றேன்.

கோச் என்னைப் பார்த்தார். “அவர் அதைவிட நீளமாகப் பேசினாரே.”

குசினி வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“சரி, நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன் என்று சொல்” என்றார் கோச். “ஒவ்வொரு நாளும் ஐம்பது தாய்மார் என்னிடம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போகிறார்கள். இன்றுவரை ஒரு பிள்ளையையும் நான் பிழையான வாசலில் இறக்கியதில்லை.”

அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தகப்பனின் முகம் கொஞ்சம் மாறியது.

“பஸ் ஓட்டுறவோ? நான் பெரிய உத்தியோகம் எண்டெல்லோ நினைச்சன்.”

“ஓம் அண்ணை. காலமை பஸ். பின்னேரம் இது.”

“ரெண்டு வேலை செய்யிற மனுசி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வடைத் தட்டைக் கோச்சின் பக்கம் தள்ளினார். “சாப்பிடச் சொல்லும். பிள்ளையோட தாயும் வருவா. அப்பிடியெண்டால் சம்மதம்.”

தாயும் வந்தார். சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற், அதற்கு மேல் ஒரு போர்வை. முதல் ஆட்டம் முழுவதும் தலை குனிந்துகொண்டே இருந்தார். இறுதி ஆட்டத்தில் மகள் மூன்றாம் தளத்திலிருந்து, ஓட்டத்தை முடிக்கிற வீட்டுத் தளத்துக்குப் பாய்ந்தபோது போர்வை ஒரு பக்கம் விழ எழும்பி நின்று, “ஓடு பிள்ளை, ஓடு, ஓடு!” என்று கத்தியதில் நடுவரே திரும்பிப் பார்த்தார். இரண்டாவது கிண்ணம் அப்படி வந்தது. அதற்கடுத்த வருடம் தகப்பனும் லீவு போட்டுவிட்டு வந்தார். அது மூன்றாவது கிண்ணம்.

எல்லாக் கரைச்சலும் அந்த மூன்றாவது கிண்ணத்தோடு தொடங்கியது. தோற்றுக்கொண்டிருந்தபோது அந்த அணியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கிண்ணத்தைத் தற்செயல் என்றார்கள். மூன்றாவதுக்குப் பிறகு பத்திரிகையிலிருந்து ஆள் வந்தது. உடனே விளையாட்டுப் பிரிவு இயக்குநருக்கு அந்த அணி தன்னுடைய பிள்ளையாகிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், இறுதி ஆட்டம். படம் எடுக்கும்போது நடுவில் நின்று கிண்ணத்தைப் பிடித்தவர் அவர். கோச் வழமைபோலக் கரையில், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நடையில் மாட்டினார்கள். மாட்டிய பிறகு பார்த்தால் இடது கரை வெட்டுப்பட்டிருக்கிறது. கோச்சின் ஒரு கைச்சட்டையும் வாளியும்தான் மிச்சம்.

நான் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். தலையை உயர்த்தாமலே, “சட்டம் அந்த அளவில்தான் கிடைத்தது” என்றார். நாலு விரற்கடை பெரிய சட்டம் ரொறன்ரோ நகரத்தில் ஒரு கடையிலும் இல்லையாம்!

அடுத்த பங்குனியில் தலைமைப் பயிற்றுநர் பதவியை முழுநேர வேலையாக்கினார்கள். அதை விளம்பரத்துக்கு அடித்தவளும் நான்தான். பெண்கள் மைதானத்துக்கு மின்விளக்கு, முழுநேரச் சம்பளம், உதவியாளர் ஒருவர். ஏழு வருடமாகக் கோச் கேட்டுக் கேட்டு அலுத்த அத்தனையும் அந்தத் தாளில் இருந்தன. அவற்றோடு ஒரு வரி: பல்கலைக்கழகப் பட்டம் அவசியம். கோச்சிடம் பட்டம் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவரும் விண்ணப்பித்தார். நேர்முகத்துக்கு வந்தபோது முதல் தடவையாக அவரைப் பாவாடையில் பார்த்தேன். பாவாடைக்குப் பழகாத நடை. உள்ளே போனவர் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பிறகு போனவர் ஆண்களின் பேஸ்போல் அணிக்கு உதவிப் பயிற்றுநராக இருந்த இளைஞர். ஒன்றரை மணித்தியாலம். இடையில் நான் இரண்டு தடவை கோப்பி கொண்டுபோனேன். இரண்டாம் தடவை, “கீழாலே எறிகிற பந்து இவ்வளவு வேகமாக வரும் என்று நான் நினைக்கவேயில்லை” என்று அவர் சொல்ல எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுகிழமை அந்தக் கடிதத்தை அடித்தேன். அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிடப் பத்திரங்கள் போட்டிருந்த நேரம். எனக்கு வேலை வேண்டியிருந்தது. இது நியாயம் அல்ல, காரணம் மட்டும்தான்.

கோச் கடிதத்தை என் மேசையில் வைத்தே பிரித்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு, “நீ அடித்ததுதானே? ஒரு பிழையும் இல்லை” என்றார். சாவிக் கொத்தை மேசையில் வைத்தார். களஞ்சிய அறைக்குப் போய், சொந்தக் காசில் வாங்கிய வாரிகளை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவை கொலிஜின் பட்டியலில் இருப்பதாக இயக்குநர் சொல்ல, ஒன்றும் பேசாமல் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. மைதானத்தில் நடுவரோடு நெஞ்சுக்கு நெஞ்சு நின்று கத்துகிற மனுசி, இங்கே மட்டும் ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டு போகிறார்?

கத்துவதற்கு வேறொருவர் வந்தார்.

நாலு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, மல்வேர்ன் பிள்ளையின் தகப்பன் அலுவலக வாசலில் நிற்கிறார். கல்யாணத்துக்குப் போடுகிற கோட், ரை. பக்கத்தில் மகள். “அப்பா, ப்ளீஸ், லெற்ஸ் கோ. உள்ள போகாதேங்கோ” என்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“நீ பேசாமல் நில்” என்றவர் என்னிடம் திரும்பினார். “உந்த மனுசனைப் பார்க்கவேணும். நான் தமிழில கதைக்கிறன். நீர்தான் சொல்லவேணும். பிள்ளை, இந்த முறை உள்ளபடி சொல்லும். அண்டைக்கு நீர் சுருக்கிச் சொன்னது எனக்குத் தெரியும்.”

இயக்குநர் சிரித்த முகத்தோடு கதிரை காட்டினார். தகப்பன் உட்காரவில்லை. நான் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

“கோச்சை ஏன் நிப்பாட்டினனீங்கள்?”

சொன்னேன். பணியாளர் விவகாரங்களை வெளியாரோடு பேச முடியாது, ஆனால் புதிய பதவிக்குப் பட்டம் தேவைப்பட்டது என்று பதில் வந்தது.

“பட்டம்” என்றார் தகப்பன். “என்னட்டைப் பட்டம் இருக்கு. பி.எஸ்.ஸி. பன்னிரண்டு வருசம் கணிதம் படிப்பிச்சனான். இந்த நாட்டில அது கணக்கில்லை எண்டு சொன்னாங்கள். சரி எண்டு தொழிற்சாலைக்குப் போனன். அவவிட்டப் பட்டம் இல்லை. இப்ப அது மட்டும்தான் கணக்கெண்டு சொல்லுறியள். என்னட்டை இருந்தாலும் பிழை, அவவிட்ட இல்லாட்டிலும் பிழை. அப்ப உங்களுக்கு உண்மையில என்ன வேணும் எண்டு கேளும்.”

நான் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் வைத்தேன். இயக்குநரின் சிரிப்பு போய்விட்டது.

“தொழிற்சாலையில புதுசா வாற பெடியனுக்கு மெசின் பழக்கி விடுறது நான். ஆறு மாசத்தில அவன் எனக்கு மேல சுப்பவைசராய் வந்து நிப்பான். மூண்டு பேர் அப்பிடி வந்திட்டினம். நான் வாய் திறக்கேல்லை. எனக்கு மூண்டு பிள்ளையள். ஆனால் என்ர மகளுக்கு முன்னால உதையே செய்து காட்டுறியள். இதுதான் இந்த நாடு எண்டு அவள் உங்களிட்டப் படிக்கவோ நான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தனான்?”

சொல்லி முடித்தபோது என் குரலும் உயர்ந்திருந்தது. அது அவருடைய கோபமா என்னுடையதா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“அவர் இதே சொற்களிலா சொன்னார்?” என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

“ஆம். இதே சொற்களில்தான்.”

“கடைசியாய் ஒண்டு” என்றார் தகப்பன். “என்ர வீட்டுக்கு வந்து, என்ர வடையைச் சாப்பிட்டு, பிள்ளைக்கு நான் பொறுப்பு எண்டு சொன்னது அவ. நீங்கள் ஆர் எண்டே எனக்குத் தெரியாது. கிண்ணத்தோட நிக்கிற படத்தில மட்டும்தான் கண்டிருக்கிறன்.”

அதையும் சொன்னேன். வடையை மட்டும் ‘உணவு’ என்றேன். வேறு சொல் அந்த நேரத்தில் வரவில்லை.

தகப்பனும் மகளும் போன பிறகு இயக்குநர் கதவைச் சாத்தினார். நான் யாரிடம் சம்பளம் வாங்குகிறேன் என்பதை மறந்துவிட்டேனாம். மொழிபெயர்க்க முடியாது என்று சொல்லியிருக்க வேண்டுமாம். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தரப்போவதாகச் சொன்னார். அலுவலகத்தில் ரைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னுடைய எச்சரிக்கைக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். வேண்டுமென்றே இரண்டு எழுத்துப்பிழை விட்டேன். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அநியாயத்துக்குத் தண்டனை கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. மல்வேர்ன் பிள்ளையும் இன்னும் மூன்று பேரும் அந்த வருடம் விளையாட வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். கடைசி வருடத்தில் இருந்த பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கோச் பொறுக்கி எடுத்து, ஈரப் பந்தில் பழக்கிய அந்தப் பிள்ளைகள் புது மின்விளக்கின் கீழ் விளையாடி மறுபடியும் கிண்ணத்தை வென்றார்கள். புதியவருக்கு அந்த வருடத்தின் சிறந்த பயிற்றுநர் விருது கொடுத்தார்கள். கெட்ட மனிதர் அல்ல அவர். என்னைக் கண்டால் வணக்கம் சொல்லுவார். விருது விருந்தில் ‘அத்திவாரம் போட்ட எல்லாருக்கும்’ நன்றி சொன்னார். எல்லாரும் என்று யாரும் இல்லை, அத்திவாரம் போட்டது ஓர் ஆள், அவருக்குப் பெயர் இருக்கிறது என்று எழும்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. கை தட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் கைகளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மாரியில் மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்ததும் விலகிவிட்டேன். அம்மா அப்பாவுக்கும் அதற்குள் விசா வந்திருந்தது.

கோச்சை ஒரு வருடம் கழித்துத்தான் கண்டேன். மல்வேர்னில் காலை நேரம். பஸ் தரிப்பில் நான் நிற்க, மஞ்சள் பஸ் ஒன்று எதிர்ப் பக்கம் வந்து நின்று, யன்னல் திறந்தது. தெருவைக் கடந்து போனேன். நகரத்தின் மறு அந்தத்தில் ஒரு கொலிஜில் உதவிப் பயிற்றுநராக இருக்கிறாராம். தலைமைப் பயிற்றுநருக்குத் தன்னைவிட இருபது வயது குறைவு என்றார். பந்து எறிகிற பிள்ளை ஒருத்தி நன்றாக வருவாள் என்றார். எல்லாவற்றையும் வானிலை சொல்லுகிறவர் மாதிரிச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டுவிட்டேன். “அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள். உங்களுக்காக ஒரு தகப்பன் வந்து கத்தினார், தெரியுமா? நான் இன்னும் அதை நினைத்து நினைத்து எரிகிறேன்.”

“தெரியும். அவருடைய மகள் சொன்னாள்.” ஸ்ரியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். “நான் அந்த அறையில் வாயைத் திறந்திருந்தால் கதிரையைத் தூக்கி யன்னலுக்குள்ளால் எறிந்திருப்பேன். இப்போதும் அந்தத் தெருவால் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போகிறேன். ஏழு வருடம். எப்படிக் கோபம் வராமல் இருக்கும்?”

ஒரு சின்னப் பெண் பெரிய புத்தகப் பையோடு படிகளில் ஏறத் தொடங்கினாள். கோச் கையை நீட்டி அவளுடைய பையைத் தூக்கிவிட்டார். “பின்னால் போய் இரு செல்லம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வேலைக்குப் பிந்தப் போகிறாய்” என்றார். பஸ் போய்விட்டது. நான் என்னுடைய பஸ்ஸைத் தவறவிட்டு, மார்க்கம் அலுவலகத்துக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். ஏன் பிந்தினாய் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அரை நாள் ஆகும். போக்குவரத்து என்று சொன்னேன்.